சல்பா குளிசை: மாமியின் கிளினிக் கொப்பியில் இருக்கும் சிவப்பு வரி

மாமியின் கிளினிக் கொப்பியில் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் ஒரு வரி இருக்கிறது: சல்பா ஒவ்வாமை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இனி நான் கன்னியாவுக்குப் போய்க் குளிக்கலாமோ? அது கந்தகத் தண்ணி எண்டு சொல்லுறாங்கள்" என்பதுதான்.

குளிக்கலாம் மாமி, என்றேன். கன்னியா வெந்நீரூற்றில் கந்தகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த ஒவ்வாமைக்கு அதனோடு எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனால் ஏன் கிடையாது என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் பிடித்தது. திருகோணமலையில் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் ஆள் நான். இந்த ஒரு மருந்தைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு குறைவாகச் சொல்லி வந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நடந்தது இதுதான். மாமிக்கு 64 வயது, உப்புவெளியில் வீடு. சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. மெட்போமின், கிளிக்லசைட், லொசார்டன் மூன்றையும் ஒழுங்காகக் குடிப்பவர். ஆகஸ்ட் மாதக் கச்சான் வெயிலில் சலக்கடுப்பு வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, தன் கணவருக்கு முன்பு எழுதிக் கொடுத்து மிச்சம் இருந்த செப்ட்ரின் என்ற சல்பா குளிசை இருபதைக் கொடுத்திருக்கிறார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இரண்டு மூன்று நாளில் எரிவு குறைந்துவிட்டது. மருந்து வேலை செய்கிறது என்று மிச்சத்தையும் குடித்து முடித்தார். உடம்புச் சூடு தணியத் தினமும் இளநீரும் குடித்தார். இடையில் ஒரு நாள் இரவு வியர்த்துக் கைகால் நடுங்கியிருக்கிறது. தேநீரில் சீனி போட்டுக் குடித்ததும் சரியாகிவிட்டதால் யாரிடமும் சொல்லவில்லை. பத்தாம் நாள் காய்ச்சல், தொண்டை நோ, கண் சிவப்பு. தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் குடித்தார். பன்னிரண்டாம் நாள் உதடு வெடித்து, வாய்க்குள் கொப்புளம் போட்டு, நெஞ்சுத் தோலில் கை பட்டாலே எரிகிறது என்ற நிலையில்தான் எனக்குச் செய்தி வந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் இந்த மருந்தின் மூன்று வெவ்வேறு ஆபத்துகள் மாமியின் உடம்பில் நடந்து முடிந்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன் மருந்து எது என்று தெரிய வேண்டும்.

சல்பா என்பது ஒரு குடும்பப் பெயர். ஜெர்மனியில் கெர்ஹார்ட் டொமாக் என்ற மருத்துவர், 1932இல் புரொன்டோசில் என்ற சிவப்புச் சாயப் பொருள் எலிகளைக் கிருமித் தொற்றிலிருந்து காப்பாற்றுவதைக் கண்டார். கையில் தொற்று ஏறிச் சாகக் கிடந்த தன் மகளுக்கே அதைக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். சாயத்துக்குள் இருந்து வேலை செய்தது சல்பனிலமைட் என்ற சிறு மூலக்கூறுதான் என்று 1935இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் கண்டுபிடித்தார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட காலத்தில் பென்சிலின் இன்னும் பொதுப் பாவனைக்கு வந்திருக்கவில்லை. கிருமித் தொற்றுக்கு எதிராக உலகம் முழுக்க மருத்துவர்கள் நம்பியிருந்தது சல்பாவைத்தான். அதே மருந்தின் பெயரில் ஒரு பெரும் சோகமும் உண்டு. 1937இல் அமெரிக்காவில் ஒரு கம்பனி, சல்பனிலமைட்டை டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்துப் பாணியாக விற்றது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் நிறையப் பேர் பிள்ளைகள். மருந்தை விற்க முன்னர் அது பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என்ற சட்டம் 1938இல் அங்கே வந்தது அதன் பிறகுதான்.

இன்று எங்கள் ஊரில் சல்பா என்றால் அநேகமாகக் கோ-டிரைமொக்ஸசோல்தான். சல்பாமெதொக்ஸசோல் 400 மில்லிகிராமும் டிரைமெதோபிரிம் 80 மில்லிகிராமும் சேர்ந்தது ஒரு 480 மில்லிகிராம் குளிசை. செப்ட்ரின், பாக்ட்ரிம் என்பவை அதன் வியாபாரப் பெயர்கள். பக்டீரியா பெருக வேண்டுமானால் போலிக் அமிலத்தைத் தானே தயாரிக்க வேண்டும். அந்தத் தயாரிப்பின் ஒரு படியைச் சல்பா மறிக்கிறது, அடுத்த படியை டிரைமெதோபிரிம் மறிக்கிறது. நாம் போலிக் அமிலத்தைக் கீரையிலும் பருப்பிலும் இருந்து எடுப்பதால் எங்கள் கலங்களுக்கு அந்த அடி அவ்வளவாக விழுவதில்லை. மலிவான, நல்ல மருந்து. இதைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

சத்தி வருவது போல் இருப்பது, பசியில்லாமை, இலேசான வயிற்றாலடி போன்றவை பலருக்கும் வரும், போகும். நூறு பேரில் மூன்று பேர் அளவுக்குத் தோலில் சிவந்த தடிப்பும் கடியும் வரலாம். அந்தத் தடிப்பில் பெரும்பாலானவை மருந்தை நிறுத்தினால் அடங்கிவிடும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகுவதும் உண்டு. கரைவலை இழுப்பவர்களுக்கும் உப்பளத்தில் நிற்பவர்களுக்கும் இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். தண்ணீர் குறைவாகக் குடித்தால் சில சல்பா மருந்துகள் சலத்தில் பளிங்காகப் படிந்து சிறுநீரகத்தை அடைக்கும். நோன்பு காலத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து வருபவர்களிடம் நோன்பு பிடிக்கிறீர்களா என்று நான் கேட்பது இதனால்தான். இந்த மருந்து நாளுக்கு இரண்டு வேளை என்பதால் சஹருக்கும் நோன்பு திறக்கவும் நேரம் பொருந்திவிடும், ஆனால் இரவில் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்க வேண்டும். ஏற்கனவே சிறுநீரக வருத்தம் உள்ளவர் டொக்டரிடம் கேட்காமல் இந்தக் குளிசையைத் தொடவே கூடாது.

இனி முதலாவது ஆபத்து, தோல். மாமிக்கு வந்தது ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் நோய். 1922இல் இரண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் முதலில் விவரித்ததால் அந்தப் பெயர். தோலின் மேல்படை கீழ்ப்படையிலிருந்து கழன்று விடும். வாய், கண், பிறப்புறுப்பு என்று மெல்லிய சவ்வு இருக்கும் இடமெல்லாம் புண்ணாகும். உடம்பின் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகத் தோல் கழன்றால் இந்தப் பெயர். முப்பது வீதத்துக்கு மேல் போனால் அதற்கு வேறு பெயர், அந்த நிலையில் மூன்றில் ஒருவர் அளவுக்கு இறந்து போகிறார்கள். பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருசிலருக்கே வரும் நோய்தான். ஆனால் அதைக் கொண்டு வரும் மருந்துகளின் வரிசையில் சல்பா எப்போதும் முன்னால் நிற்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசப்பின், பெனிட்டோயின், யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினோல் ஆகியவையும் அதே வரிசையில் இருக்கின்றன.

இதில் எங்கள் ஆட்கள் தவறவிடுவது நாட்கணக்கை. முதல் குளிசை குடித்த அன்றே கடிக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். இந்த நோய் அநேகமாக நான்கு நாளிலிருந்து நான்கு கிழமைக்குள் தொடங்கும். குளிசை முடிந்த பிறகும் வரலாம். தொடக்கம் தடிமன் மாதிரியே இருக்கும். காய்ச்சல், தொண்டை நோ, கண் எரிவு இரண்டு மூன்று நாள் முன்னால் வந்து நிற்கும், பிறகுதான் தோல். தோலில் கடியைவிட நோவு கூடுதலாக இருந்தால், வாய்க்குள் புண் வந்தால், கண் சிவந்தால், தடிப்பின் நடுப்பகுதி கறுத்தாலோ கொப்புளித்தாலோ மருந்தை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு, விடியட்டும் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிச்சக் குளிசையையும் அட்டையோடு கையில் கொண்டு போக வேண்டும். நிறுத்துவதில் ஒவ்வொரு நாள் பிந்துவதும் உயிராபத்தைக் கூட்டுகிறது. கண்ணைக் கவனிக்காமல் விட்டால் உயிர் தப்பினாலும் பார்வை போகலாம்.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல் டெங்கு. 2017இன் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை மறந்தவர் இங்கே யாரும் இல்லை. அதன் பிறகு காய்ச்சலோடு தோல் சிவந்தாலே எல்லோருக்கும் மனதில் முதலில் வருவது டெங்குதான், அது நியாயமும்கூட. சல்பாவும் சிலருக்கு எலும்பு மச்சையை அடக்கி இரத்தத் தட்டுக்களையும் வெள்ளை அணுக்களையும் குறைக்கும். ஆக இரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தோன்றலாம். கடைசி இரண்டு மாதத்துக்குள் என்ன குளிசை குடித்தீர்கள் என்ற கேள்விக்கான பதில்தான் பிரித்துக் காட்டும். டொக்டர் கேட்க மறந்தாலும் நீங்களாகச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் வாங்கிக் குடித்தேன் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். மாமி ஒரு முழு நாள் அதை மறைத்தார்.

சரி, இரண்டாவது ஆபத்துக்கு வருகிறேன். என் கணிப்பில் எங்கள் ஊரில் இதுதான் அதிகம் பேரைத் தொடக்கூடியது, யாரும் பேசாததும் இதுதான். மாமியை வார்டில் சேர்த்தபோது இரத்தத்தில் பொட்டாசியம் 5.8 இருந்தது. 3.5க்கும் 5க்கும் இடையில் இருக்க வேண்டியது. பொட்டாசியம் கூடினால் முதலில் பெரிதாக ஒன்றும் தெரியாது, கொஞ்சம் தசைச் சோர்வு இருக்கலாம். இன்னும் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பி நின்றுவிடும்.

கோ-டிரைமொக்ஸசோலில் உள்ள டிரைமெதோபிரிம், சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றும் வாசலை அடைக்கிறது. லொசார்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் குளிசைகளும் வேறொரு வழியால் அதே பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கின்றன. இதய வருத்தத்துக்குக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் இன்னும் கூடத் தேக்கும். சீனி வருத்தத்தால் களைத்த சிறுநீரகமும், அறுபது தாண்டிய வயதும் சேர்ந்தால் கணக்கு மளமளவென்று ஏறிவிடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 66 வயதைத் தாண்டியவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வுகளில், இந்தப் பிரஷர் குளிசைகளோடு கோ-டிரைமொக்ஸசோல் குடித்தவர்கள், அமொக்ஸிசிலின் என்ற வேறு அன்டிபயோட்டிக் குடித்தவர்களைவிடத் திடீரென இறந்து போவது கூடுதலாக இருந்தது.

இதற்கு மேல் நாம் இளநீரையும் சேர்த்துக் கொள்கிறோம். சலக்கடுப்பு என்றாலே இளநீர்தான் எங்கள் வீட்டு வைத்தியம். அம்மம்மா காலத்திலிருந்து வந்தது, வெயிலுக்கு நல்லதும்தான். ஆனால் ஒரு செவ்விளநீரில் ஒரு வாழைப்பழத்தில் இருப்பதைவிடக் கூடுதலான பொட்டாசியம் இருக்கிறது. லொசார்டன் குடிக்கும் ஒருவர் சல்பா குளிசையையும் குடித்து, தினம் இரண்டு இளநீரையும் குடித்தால், மூன்று பக்கத்தாலும் ஒரே வேலை நடக்கிறது. இளநீரைக் கைவிடச் சொல்லவில்லை. அந்த மருந்து குடிக்கும் நாட்களில் மட்டும் சாதாரணத் தண்ணீரைக் குடியுங்கள் என்கிறேன். பிரஷர் குளிசை குடிக்கும் வயதான ஒருவருக்கு டொக்டரே இந்த மருந்தை எழுதினாலும், நாலைந்து நாளுக்குள் பொட்டாசியம் பார்க்க வேண்டுமா என்று கேட்பதில் தவறே இல்லை.

மாமி அந்த இரவு வியர்த்து நடுங்கியது மூன்றாவது. சீனி வருத்தத்துக்குக் குடிக்கும் கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் வகைக் குளிசைகளின் வேலையைச் சல்பாமெதொக்ஸசோல் கூட்டிவிடும். இரத்தத்தில் சீனி சட்டென்று விழும். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குடிப்பவர்களுக்கும் இதே கதைதான், இரத்தம் அளவுக்கு மீறி இளகி எங்கேயாவது கசியத் தொடங்கும். மூட்டு வாதத்துக்கு மெதோட்ரெக்சேட் குடிப்பவர்கள் இதைச் சேர்த்தால் எலும்பு மச்சையே முடங்கிப் போகலாம். மெதோட்ரெக்சேட் துண்டோடு யாராவது வந்து செப்ட்ரினும் கேட்டால், நான் கொடுக்காமல் டொக்டருக்குத் தொலைபேசி எடுப்பேன்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் போலிக் அமிலத்தைத் தடுப்பது குழந்தையின் முள்ளந்தண்டு உருவாவதைப் பாதிக்கலாம். கடைசி மாதங்களிலும், பிறந்து ஆறு கிழமை வரைக்கும் வேறொரு பயம் இருக்கிறது. சல்பா, மஞ்சள் நிறமியை இரத்தப் புரதத்திலிருந்து விரட்டி, அது மூளையில் போய்ப் படிய வைக்கும். 1950களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமல் தடுக்க என்று சல்பா கொடுத்து, அதில் குழந்தைகள் கூடுதலாக இறந்த பிறகுதான் மருத்துவ உலகம் இதைக் கண்டுகொண்டது. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்தவர்களுக்கும் இந்த மருந்து கவனம். சிவப்பு அணுக்கள் உடைந்து சலம் தேநீர் நிறத்தில் போகலாம். மலேரியா பரம்பரை பரம்பரையாக இருந்த பகுதிகளில்தான் இந்தக் குறைபாடு கூடுதல். உலக சுகாதார அமைப்பு 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்துவிட்டது. ஆனாலும் எங்கள் முன்னோர் மலேரியாவோடு வாழ்ந்த தடம் இரத்தத்தில் இருக்கத்தான் செய்யும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, இந்தச் சனியன் மருந்து வேண்டாம் என்று யாராவது தூக்கி எறிந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஏனென்றால் கிழக்கு மாகாணத்தில் இந்த மருந்து இல்லாமல் முடியாத ஒரு வருத்தம் உண்டு, மெலியோய்டோசிஸ். வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பக்டீரியா, காலில் உள்ள சிறு காயத்தாலோ மூச்சாலோ உள்ளே போகும். வாடை மழை பெய்யும் பெரும்போகக் காலத்தில் கூடும். சீனி வருத்தம் உள்ள விவசாயியை அது தேடிப் பிடிக்கிறது என்றே சொல்லலாம். மூதூர், தம்பலகாமம், கந்தளாய் வயல்களில் இறங்குபவர்களில் எத்தனை பேருக்குச் சீனி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நியூமோனியா, ஈரலில் சீழ், இரத்தத்தில் நஞ்சு என்று பல வேடத்தில் வரும். முதல் இரண்டு கிழமையாவது நரம்பு வழியே செப்டசிடிம் அல்லது மெரோபெனம் ஏற்றுவார்கள். அப்புறம் உள்ளே ஒளிந்திருக்கும் மிச்சக் கிருமியை ஒழிக்க, குறைந்தது மூன்று மாதம் கோ-டிரைமொக்ஸசோல் கொடுப்பார்கள். அதுவும் உடல் எடைக்கு ஏற்றபடி ஒரு வேளைக்கு மூன்று அல்லது நான்கு குளிசை, நாளுக்கு இரண்டு வேளை. இடையில் நிறுத்தியவர்களுக்கு வருத்தம் திரும்பி வருவது சாதாரணம், திரும்பி வரும்போது உயிரைக் கொண்டு போகவும் கூடும்.

அந்த அளவில் குடிப்பவருக்கு மேலே சொன்ன ஆபத்து எல்லாமே கூடுதலாக உண்டு. அதனால்தான் கிளினிக்கில் அடிக்கடி இரத்தம் எடுத்து அணுக்களையும் பொட்டாசியத்தையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பார்க்கிறார்கள், போலிக் அமிலக் குளிசையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். டிரைமெதோபிரிம், சிறுநீரகம் கெடாமலே கிரியாட்டினின் அளவைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். இலேசான தடிப்பு வந்தால் மருந்தைத் தானாகக் கைவிடாமல் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். இலேசான ஒவ்வாமை என்றால் மிகச் சிறிய அளவிலிருந்து தொடங்கி உடம்பைப் பழக்கும் முறைகூட ஆஸ்பத்திரிகளில் உண்டு. மாமிக்கு வந்தது போன்ற நோய்க்கு மட்டும் அந்த முறை கிடையாது. அவருக்கு இந்த மருந்து ஆயுளுக்கும் இல்லை.

இனி மாமியின் கன்னியாக் கேள்வி. கந்தகம் ஒரு மூலகம், எங்கள் தலைமுடியிலும் முட்டையிலும் வெங்காயத்திலும் இருக்கிறது. அதற்கு யாருக்கும் சல்பா ஒவ்வாமை வராது. சல்பேட் என்பது ஓர் உப்பு. தாய்மாருக்குக் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையிலும், இழுப்புக்குக் கொடுக்கும் சல்பியூட்டமோல் மருந்திலும் சல்பேட் இருக்கலாம். சல்பா ஒத்துவராது என்று சொல்லி இரும்புக் குளிசையைக் கைவிட்ட ஒரு கர்ப்பிணிப் பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். பெயரில் உள்ள ஓர் எழுத்தால் வந்த வினை. உலர் பழங்களில் போடும் சல்பைட்டும் வேறு விசயம்.

சிக்கலானது அடுத்த கூட்டம். உடம்பு நீரை வெளியேற்றும் ப்ரூசமைட், பிரஷருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதையசைட், சீனிக்குக் கொடுக்கும் கிளிக்லசைட், நோவுக்குக் கொடுக்கும் செலகொக்சிப் எல்லாமே வேதியியல் கணக்கில் சல்பா உறவுதான். ஆனால் ஒவ்வாமையைத் தூண்டும் மூலக்கூறுப் பகுதிகளான அமீன் வளையமும் பக்கக் கிளையும் சல்பா அன்டிபயோட்டிக்குகளிலேயே இருக்கின்றன, இந்த மருந்துகளில் இல்லை. ஆகவே ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தால் மற்றதுக்கும் வரும் என்ற பயத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு. நெஞ்சில் நீர் கட்டிய ஒருவருக்கு ப்ரூசமைட்டை மறுப்பது அவருக்குச் செய்யும் கெடுதல். அதே நேரம், தீக்காயத்துக்குப் பூசும் சில்வர் சல்பாடயசின் கிறீம், சல்பாசெட்டமைட் கண் மருந்து, குடல் அழற்சிக்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கும் சல்பாசலசின் மூன்றும் உண்மையான சல்பா வீட்டுக்காரர்கள். கிறீம்தானே என்று பூசிவிடக் கூடாது.

பெயரைப் பற்றி இன்னும் ஒன்று. 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டு, பேராசிரியர் சேனக்க பிபிலே அதற்குத் தலைமை ஏற்ற காலத்திலிருந்து, மருந்தை அதன் பொதுப் பெயரால் அழைக்கும் பழக்கத்தை வளர்க்க இந்த நாட்டில் பெருமுயற்சி நடந்திருக்கிறது. மருந்து மலிவாகக் கிடைப்பதற்கு அது செய்த உதவி பெரிது. ஆனால் வீட்டில் நாம் இன்னும் செப்ட்ரின் என்கிறோம், துண்டில் கோ-டிரைமொக்ஸசோல் என்று இருக்கும். எனக்குச் செப்ட்ரின் ஒத்துவராது என்று தெரிந்த அதே மனுசி, கோ-டிரைமொக்ஸசோலை வாங்கிக் குடித்துவிடுவார். இரண்டு பெயரும் கொப்பியில் இருக்க வேண்டும். என்ன நடந்தது, எத்தனையாம் நாள் நடந்தது என்பதும் இருக்க வேண்டும். வெறுமனே சல்பா ஒவ்வாமை என்று எழுதினால், அது வயிற்றுப் பிரட்டலா, தோல் கழன்றதா என்று அடுத்த டொக்டருக்கு எப்படித் தெரியும்?

போன கிளினிக்கில் மாமி இதைக் கேட்டு எழுதி வாங்கி வந்தார். சிவப்பு வரிக்குக் கீழே இப்போது இப்படி இருக்கிறது: கோ-டிரைமொக்ஸசோல், செப்ட்ரின், பாக்ட்ரிம். பத்தாம் நாள் ஸ்டீவன்ஸ்-ஜோன்சன். ஒருபோதும் கொடுக்கக் கூடாது. சல்பாசலசின், சில்வர் சல்பாடயசின் தவிர்க்கவும். கிளிக்லசைட் தொடரலாம். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து மகளின் போனிலும் என் போனிலும் வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா, அலுமாரியில் மிச்சம் இருந்த குளிசைகளை ஒரு பையில் போட்டு என் கடையில் கொண்டுவந்து தந்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமியைக் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழு கிணற்றிலும் ஒவ்வொரு வாளி அள்ளி ஊற்றினார்.